காசிராஜனுக்கு வெயில் ஒத்துக்கொண்டது

காசிராஜன் வீட்டுக்குள் இருந்ததைப் பற்றி எழுத ஒன்றுமே கிடையாது. சோற்றுக்கும் தூக்கத்துக்கும்தான் வீட்டுக்கு வருவான். மிச்ச நேரமெல்லாம் கிணறு, குளத்தங்கரை, இல்லையென்றால் மலையடிவாரம். எங்கள் வயதுப் பையன்கள் லீவு நாளில் போனைப் பார்த்துக்கொண்டு பாயில் புரளும்போது, இவன் விடியுமுன் சைக்கிளை எடுத்து வாசுதேவநல்லூர் வரைக்கும் மிதிப்பான். அங்கிருந்து மேற்கே நடந்து, ஓடையில் தண்ணீர் கிடந்தால் குளித்து, கிடக்காவிட்டால் பாறையில் படுத்து, உச்சி வெயிலில் திரும்புவான். அவனோடு கூடப் போனவன் நான். நான் ஒருவன்தான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் ஆட்கள் நிறையப் பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

என் பெயர் சுயம்புலிங்கம். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் விசைத்தறிக்கு உதிரி சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறேன். பெல்ட், ஸ்பிரிங், போல்ட் என்று அப்பா விட்டுப்போன கடை. நீச்சல் எனக்குக் காசிராஜன் சொல்லிக்கொடுத்தது. சொல்லிக்கொடுத்தான் என்பது மரியாதைக்கு. அவன் வயல் கிணற்றில் என்னை மேலேயிருந்து தள்ளிவிட்டு, பின்னாலேயே அவனும் குதித்தான். அன்றைக்கு அவனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஆனாலும் மறுநாள் விடியும் முன்பே அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

படித்து முடித்தவனுக்கு இங்கே வேலை அமையவில்லை. இருக்கிற கொஞ்ச நிலத்தை நம்பி எத்தனை நாள் உட்கார முடியும்? ஒரு ஏஜெண்ட் மூலமாக ரியாத்தில் இறைச்சி வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை வந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். விமானம் ஏறப் போகிற அன்று ரயில்வே ஸ்டேஷனில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"ரெண்டே வருசம்லே சுயம்பு. முடிச்சிட்டு வந்திருவேன். அதுக்கப்புறம் இங்கனதான். மலைக்குப் போறதுக்கு ஆளு தேடாத, என்ன?"

நான் ஏன் தேடப் போகிறேன்? அவன் திரும்பி வர வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. இரண்டு வருடம்கூட ஆகாது என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கையும் இருந்தது. மரமில்லாத, கிணறில்லாத, கால் வைத்தால் பொசுங்குகிற ஊரில் காசிராஜன் எப்படித் தாங்குவான்? ஆறு மாதத்தில் பெட்டியைக் கட்டிவிடுவான் என்று இருந்தேன்.

முதலில் எல்லாம் நான் நினைத்தபடிதான் நடந்தது. கடை சாத்துகிற நேரத்தில் தினமும் போன் வரும்.

"வெளியில நாப்பத்தாறு டிகிரிலே. உள்ள மைனஸ் பதினெட்டு. கோட்டு மாட்டிக்கிட்டு ஆட்டுத்தொடைய எண்ணுதேன். ரூம்ல சன்னலுக்கு வெள்ளித்தாள் ஒட்டி வச்சிருக்கானுவ, பகலா ராத்திரியான்னே தெரியல."

"குளிக்கவாவது செய்தியால?"

"அதக் கேக்காத. மொட்டமாடித் தொட்டியில கெடந்து தண்ணி கொதிக்கி. ரூமுக்குள்ள இருக்க ஹீட்டர ஆஃப் பண்ணி வச்சிட்டு அதுல இருக்க தண்ணியிலதான் குளிக்கணும். அதுதான் இங்கன பச்சத் தண்ணி. கெணத்துல ஒரு குதி குதிக்கணும் போல இருக்குலே."

கேட்கப் பாவமாக இருக்கும். அதோடு சந்தோஷமாகவும் இருக்கும். கிணறு என்று சொல்லும்போது அவன் என்னையும் சேர்த்துத்தானே சொல்கிறான்? "ரொம்பக் கஷ்டமா இருந்தா வந்திருலே" என்று பெரிய மனுஷன் போலச் சொல்லிவிட்டு, ஷட்டரை இழுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவேன்.

அப்புறம் அவன் ஒரு காரியம் செய்தான். நம் ஊர்க்காரன் மட்டும்தான் செய்வான். இங்கே ஆடி மாதம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் சாரல் காற்று இறங்கிவிடும். குளத்தங்கரையில் ஓடுவதற்கு அதுதான் எங்களுக்கு நேரம். அதே பழக்கத்தில் ரியாத்திலும் நாலு மணிக்கு ஷூவை மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கி ஓடியிருக்கிறான். இரண்டு தெரு தாண்டியதும் மூக்கில் ரத்தம் வந்து, ஒரு பள்ளிவாசல் படியில் சரிந்துவிட்டான். அந்தப் பக்கம் வேனில் வந்த ஒருவன் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்த் தலையில் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்ட மோர் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவன் பெயர் முகம்மது அப்சல்.

அந்த அப்சல் எகிப்துக்காரனாகவோ பாகிஸ்தான்காரனாகவோ இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. ஆள் கடையநல்லூர்க்காரன். நம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, புளியங்குடியில் மாறினால் போய்விடலாம். கடல் தாண்டிப் போய்ச் சிநேகம் பிடித்தது பக்கத்து ஊர்க்காரனை! இத்தனை வருடம் காசிராஜன் கூடவே திரிந்த என்னை விட்டுவிட்டு, ஒரு டம்ளர் மோர் கொடுத்தவனை எங்கே கொண்டுபோய் வைத்தான் தெரியுமா? தலைமேல் வைத்தான்.

"அப்சல் சொல்லுதான், இந்த ஊரு வெயிலோட சண்டை போடக் கூடாதாம். அது தூங்குத நேரம் பாத்து நாம கெளம்பணுமாம்."

"அப்சல் ஒரு வாதாங்கொட்ட மரம் காட்டுனாம்லே. மரமே இல்லாத ஊருன்னு நெனச்சேன்."

"அப்சலுக்கு நட்சத்திரமெல்லாம் பேரோட தெரியும்."

இப்படியே போனது. அங்கே வெள்ளிக்கிழமை லீவு. வியாழன் சாயங்காலம் அப்சலின் வேனில் கிளம்பினால், நகரத்துக்கு வெளியே மலைவிளிம்பு ஒன்று இருக்கிறதாம், அங்கே போய்க் கூடாரம் போடுவார்கள். விடியும் முன் நடக்கத் தொடங்கி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார்கள். முதலில் இரண்டு பேர். அப்புறம் நாலு பேர். எனக்குப் போட்டோ வரும். சிவப்பு மணல் மேட்டில் காசிராஜன் வெறுங்காலோடு ஓடுகிறான். பாறை நுனியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் அப்சல் அவன் தோளில் கை போட்டிருக்கிறான். வாசுதேவநல்லூர்ப் பாறையில் அது என் இடம். ஆம், எனக்குப் பொறாமைதான். போட்டோவுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு, கடைக்கு வந்தவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவேன்.

தினமும் வந்த போன் வாரம் ஒன்றானது. வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "நீ மலைக்குப் போனியாலே?"

தனியாக எதற்குப் போவது? சைக்கிளில் காற்று இறங்கிக் கிடந்தது. கடையில் வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன். வேலை ஒன்றும் அதிகமில்லை. சாயங்காலமானால் கடையிலேயே நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, அவர்கள் நாலு பேரும் போடுகிற போட்டோவைப் பெரிதுபண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்சலின் ஷூ என்ன கம்பெனி என்றுகூட எனக்குத் தெரியும்.

இரண்டாம் வருடம் முடிகிற நேரம் வந்தது. கேட்டே விட்டேன்.

"எப்பம்லே வார?"

"கம்பெனியில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கேக்கானுவ. எனக்கு இருக்கலாம்னுதான் தோணுது. ஆனா அம்மாதான் சம்மதிக்கணும். அவ பயப்படுதா. வான்னு அவ ஒரு வார்த்த சொல்லிட்டா வந்திருவேன்."

சரி, அப்படியானால் காரியம் பார்வதியம்மாள் கையில் இருக்கிறது. காசிராஜனின் அம்மா. மகனுக்கு ஒரு தும்மல் என்றாலும் மூன்று நாள் சாப்பிடாத மனுஷி. நான் சும்மா இருப்பேனா? அந்த வாரம்தான் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். அப்சலிடம் ஏதோ ஊதா வெளிச்சம் அடிக்கிற டார்ச் இருக்கிறதாம். அதை மணலில் அடித்தால் தேள் பச்சைப் பசேலென்று மின்னும். இவன் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று, உள்ளங்கை நீளம், கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. "எவ்வளவு அழகு பாத்தியா" என்று கீழே எழுதியிருந்தான். நான் போனை எடுத்துக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போனேன்.

"அத்தை, ஒம்ம மகன் எங்கன போய்ப் படுத்துக் கெடக்கான்னு பாரும்."

பார்வதியம்மாள் போனை வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். "இது என்னய்யா, பச்சையா?"

"தேளு. அந்த ஊருல இப்படித்தான். கொட்டுனா மலையாள வைத்தியமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. வாரந்தோறும் இதுக நடுவுலதான் தூங்குதான்."

அந்த அம்மாள் போனை வெடுக்கென்று என் கையில் திணித்தார். நான் எதிர்பார்த்தபடிதான். இனி போனைப் போட்டு "வந்திருலே" என்று அழப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்தார். விளக்கு மாடத்துக்கு முன்னால் போய் நின்று, கோவில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, புடவைத் தலைப்பில் ஒரு முடிச்சுப் போட்டார்.

இந்த ஊரில் வளர்ந்த எனக்கு அந்த இடத்திலாவது புத்தி வந்திருக்க வேண்டும். பாம்பையோ தேளையோ கண்டு பயந்தால் இங்கே என்ன செய்வார்கள்? எங்கள் கோவிலில் இருக்கிற கோமதியம்மாளுக்கு நேர்ந்துகொண்டு, வெள்ளித் தகட்டில் அதன் உருவை வாங்கி உண்டியலில் போடுவார்கள். போட்டுவிட்டால் பயம் அதோடு விட்டது. எங்கிருந்தோ பஸ் பிடித்து ஜனம் வருவதே அதற்காகத்தான். நானோ அந்தக் கோவில் வாசலிலேயே பிறந்து வளர்ந்துவிட்டு, ஒரு தாயைப் பயமுறுத்தத் தேளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

"நேந்தாச்சு," என்றார் பார்வதியம்மாள். முகம் தெளிந்துவிட்டது. "அவன் கையாலயே வெள்ளித் தேளு வாங்கிப் போடணும். ஆடித்தபசுத் திருநாளுக்கு லீவுல வந்துட்டுப் போவட்டும். அப்புறம் எத்தன வருசம்னாலும் இருக்கட்டும்யா. காலடியில வந்தாலும் வெலகிப் போயிரும். நல்ல நேரத்துல கொண்டாந்து காட்டுன சுயம்பு, நீ நல்லா இருப்ப."

அன்றைக்கே மகனுக்குப் போன் போட்டு, இன்னும் இரண்டு வருடத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று இரண்டு நாளில் எனக்குச் செய்தி வந்தது. கூடவே ஒரு வரி: "அம்மாகிட்ட பேசுனதுக்கு தேங்க்ஸ்லே மக்கா." அதைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஆடித்தபசுக்கு வந்தான். வெயிலில் கருகி, காய்ந்த சருகாக வருவான் என்று பார்த்தால், உடம்பு இறுகி, கன்னத்தில் ஒரு மினுமினுப்போடு வந்து இறங்கினான். மறுநாள் விடியற்காலை வாசுதேவநல்லூர் போனோம். அவன் என் சைக்கிளுக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக்கைச் சரி செய்து கொடுத்தான். மலையடிவாரத்தில் அவன் முன்னால் போய்க்கொண்டே இருந்தான். எனக்குப் பாதி வழியிலேயே மூச்சு இரைத்தது. பாறையில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "மடக்குன்னு குடிக்காத. நாக்கு நனையுத அளவு, நாக்கு நனையுத அளவு. அப்சல் சொல்லுவான்" என்றான். ஓடையில் நல்ல தண்ணீர் ஓடியது. அவன் இறங்கிக் குளித்தான். நான் கரையில் இருந்துகொண்டேன்.

தபசு முடிந்த மறுநாள், கூட்டம் குறைந்ததும், அவனும் அவன் அம்மாவும் நானும் கோவிலுக்குப் போனோம். வாசலில் வெள்ளி உரு விற்கும் அண்ணாச்சி, தட்டில் தேளாகப் பரப்பினார். காசிராஜன் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"இது எனக்கு."

"அந்தக் கடையநல்லூர்ப் பிள்ளைக்கும் ஒண்ணு எடு," என்றார் பார்வதியம்மாள். "வழியில கெடந்தவனத் தூக்கிட்டுப் போயிக் காப்பாத்துனவன்லா. அவனும் அந்த மணல்லதான படுக்கான்."

அம்மாவுமா! நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். காசிராஜன் அப்சலுக்கு ஒன்று எடுத்தான். கூட நடக்கிற மற்ற இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒன்று எடுத்தான். எடுத்துவிட்டுத் தட்டை அண்ணாச்சி பக்கம் தள்ளினான். இன்னும் ஒன்று எடுப்பான், மறந்திருப்பான் என்று நின்றேன். அவன் துட்டை எடுத்து நீட்டிவிட்டான்.

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

"எனக்கு எடுக்கலியாலே?"

அவன் சிரித்தான். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

"உனக்கு எதுக்குலே? கடைய விட்டு நீ எங்கன போற, தேளு கொட்டுததுக்கு?"

"அவன் நெழல்ல பத்திரமா இருக்கான், புண்ணியவான்," என்றார் பார்வதியம்மாள்.

எனக்கு முகம் சுட்டது. பையில் கைவிட்டுத் துட்டை எடுத்துத் தட்டு மேல் வைத்தேன். "எனக்கும் ஒரு தேளு குடுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்தார். உரு வாங்குகிற எல்லோரிடமும் கேட்பதைத்தான் என்னிடமும் கேட்டார்.

"தேள எங்கன பாத்தீய தம்பி? வீட்டுலயா, வயக்காட்டுலயா?"

காசிராஜனும் அவன் அம்மாவும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொல்ல எனக்கு ஓர் இடமும் இல்லை.