சலீம் மூடாமல் போன ஃபைல்

மலைமேல் எங்கள் குண்டூர் நாட்டுக்கு ஏறி வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் வீடு வரை நடந்து வந்தார். தோள் பையைக் கழற்றாமலே சொன்னார். முந்தின நாள் மாலை, பனிமூட்டத்தில், கொண்டை ஊசி வளைவில் சலீமின் வண்டி சறுக்கிவிட்டதாம். ஆள் பிழைக்கவில்லை. 'போயிட்டு வாரேன் அம்மாயி' என்று அவன் வைத்துவிட்டுப் போன டம்ளரை நான் இன்னும் கழுவியிருக்கவில்லை.

அவனோடு படித்த நீங்கள் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னீர்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் அவன் நாற்காலிக்குப் பின்னால் இரண்டு வருடம் மிளகு ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தவள். நான் பார்த்தது உங்களில் யாரும் பார்க்காதது.

அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி மளிகைக்கடைக்காரர் மகன் சலீமும், என் மகள் வயிற்றுப் பேரன் கார்த்தியும் சேர்ந்து, மலைக் குழந்தைகளில் யாருக்கு எப்போது தடுப்பூசி என்று காட்டும் புரோகிராம் எழுதினார்கள். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதில் எழுதுவதற்கான மென்பொருள், எடிட்டர் என்பார்கள், அதுதான் வேறு வேறு. சலீமுக்கு விஐ, கார்த்திக்கு இமேக்ஸ். ஒருவன் எழுந்து மற்றவன் உட்காரும்போதெல்லாம் சண்டை. வரப்புக்காகப் பங்காளிகள்கூட அப்படி அடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. இமேக்ஸில் எதற்கெடுத்தாலும் கண்ட்ரோல் பட்டனை அமுக்கியே கார்த்திக்குச் சுண்டுவிரல் கோணிவிட்டது என்பான் சலீம்.

"உன்ற எடிட்டருக்குள்ள போனவன் வெளிய வந்ததா சரித்திரமே இல்லடா" என்பான் கார்த்தி. விஐயை மூடும் வழி லேசில் பிடிபடாதாம்.

"வெளிய எதுக்குடா வரோணும்? உள்ள நல்லாத்தான் இருக்குது."

ஒரு மழைநாளில் பாதி வேலையில் கரண்ட் போனது. எழுதியதெல்லாம் போச்சே என்று நான் பதறினேன். கரண்ட் வந்ததும் சலீம் அந்த ஃபைலைத் திறந்தான். திரை நிறைய ஏதோ கேள்வி வந்தது. ஆர் என்ற எழுத்தை அமுக்கினான். எல்லாம் திரும்பி வந்துவிட்டது. "நாம சேமிக்காட்டியும் இது உள்ளுக்குள்ள ஒரு நகல் எழுதிக்கிட்டே இருக்குமுங்க அம்மாயி" என்றான்.

கடைசி நாளில் சண்டை சின்ன விஷயத்துக்கு. வரியை உள்ளே தள்ளி ஆரம்பிக்க டேப் வைப்பதா, ஸ்பேஸ் வைப்பதா என்று. கார்த்தி கோபித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டான். சலீம் தனியாக எழுதினான். மறுபடியும் கரண்ட் போனது. முடித்துவிட்டதாகவும், கரண்ட் வந்ததும் கார்த்தியைப் பார்க்கச் சொல்லும்படியும் என்னிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

பத்து நாள் கழித்துத்தான் கார்த்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். இமேக்ஸில் திறந்தான். கடைசிப் பகுதியே இல்லை. "அவன் முடிக்கவே இல்லீங்க அம்மாயி" என்றான். சலீம் என்னிடம் பொய் சொன்னவனில்லை. அவனுடைய எடிட்டரில் திறக்கச் சொன்னேன். அன்றுவரை கார்த்தி அதைத் தொட்டதே இல்லை.

பட்டப்பகல். மூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. திரை நிறைய எழுத்து விழுந்தது. இந்த ஃபைலில் வேறொருவர் எழுதிக்கொண்டிருக்கலாம் என்று இருப்பதாகக் கார்த்தி படித்துச் சொன்னான். அதற்கு மேலே, நகலுக்கு உரியவர் என்ற இடத்தில் இருந்த பெயரை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். சலீம்.

கார்த்தி கையை இழுத்துக்கொண்டான். உள்ளே போனவன் வெளியே வரமாட்டான் என்று தான் சொன்னதுதான் பலித்துவிட்டது என்று அழுதான். அந்த நகலை அழித்துவிடவும் அங்கே ஓர் எழுத்து இருந்ததாம். அழுகையில் அவன் எதை அமுக்கிவிடுவானோ என்று பயந்து, எட்டி ஆரை நான் அமுக்கினேன்.

வரிகள் வந்தன. புரோகிராம் முடிந்திருந்தது. எல்லா வரிகளும் கார்த்தி கேட்டபடி ஸ்பேஸ் வைத்தே தொடங்கின. கடைசியில் அவனுக்கு ஒரு குறிப்பு: "உன் இஷ்டப்படியே வச்சுட்டேன்டா. இனி சண்டை வேண்டாம்."

அந்த நகலை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னிடம் மிச்சமிருப்பது அதுதான். மூட்டம் இறங்கும் நாட்களில் நானே அந்த ஃபைலைத் திறப்பேன். வேறொருவர் எழுதிக்கொண்டிருக்கலாம் என்று வரும். பெயரை ஒருமுறை படிப்பேன். பிறகு வெளியேறுவதற்கான க்யூ எழுத்தை அமுக்கி, அவன் வேலையைக் கெடுக்காமல் வெளியே வந்துவிடுவேன்.