ஓட ஆரம்பித்தால்தான் டன் தெரியும்

அடுத்தவர் அறைக்குக் குளிர்ச்சி கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தவனுக்கு அன்றைக்கே வியர்க்க ஆரம்பித்துவிடும்; எங்கள் தொழிலின் லட்சணம் அது. மின்விசிறியோ தண்ணீர்க் குழாயோ, அடுத்தவர் வீட்டில் எதையாவது மாட்டிப் பிழைத்தவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்த பிறகுதான் அந்தக் கடைசி ஸ்க்ரூவை முறுக்கினோமா என்று சந்தேகம் வரும். அப்புறம் சோறு எங்கே இறங்கும்?

அறுபதுகளின் ஆரம்பம். கோயமுத்தூரில் வீட்டுக்குள் ஏர் கண்டிஷன் என்பது பலர் காதால் மட்டும் கேட்டிருந்த சமாச்சாரம். நான் அதுவரை மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறையில் இருந்தேன். மதராஸிலிருந்து வந்து மின்சாமான் கடை வைத்திருந்த ஒருவர், ஏர் கண்டிஷன் ஏஜென்சி எடுத்து, என்னை மதராஸுக்கு அனுப்பி வேலை கற்கவைத்து, மெக்கானிக்காக வைத்துக்கொண்டார். பட்டறையை விட்டு வந்தபோது நான் சும்மா வரவில்லை. இனிமேல் கிரீஸ் கையோடு நிற்க மாட்டேன், பெரிய பெரிய வீடுகளில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள் என்று பட்டறைக்காரரிடம் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு வந்தேன். அவர் பாட்டுக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார்.

புது முதலாளி முதல் நாளே நிபந்தனையைச் சொல்லிவிட்டார். அந்தக் கோடைக்கு மூன்று மிஷின்கள் வந்திருந்தன. மூன்றையும் மூன்று வீடுகளில் மாட்ட வேண்டும். கோடை முடிவதற்குள் ஒன்றுகூடத் திரும்பி வரக்கூடாது.

"ஒண்ணு திரும்பி வந்தாலும் இந்த வியாபாரத்தையே மூடிடுவேன். நீ உன் பழைய பட்டறைக்கே போயிடலாம்ப்பா."

இரண்டு வண்டி, ஆறு ஆள்

முதல் மிஷினை வாங்கியவர் கொடுமுடிப் பக்கத்துப் பண்ணைக்காரர். மஞ்சளும் கரும்பும் போடுகிறவர். மகளைப் பம்பாயில் வேலையாக இருக்கும் மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்தார். நம் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாப்பிள்ளை மூன்று வருஷமாக வரவில்லை. அதனால் மகளும் வரவில்லை. இந்தச் சித்திரைக்கு வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது, ஓர் அறையாவது குளிர்ந்திருக்க வேண்டும் என்றார். அறையின் நீள அகலத்தைக் கேட்டுக்கொண்டு, ஒன்றரை டன் மிஷின் வேண்டும் என்றேன். சுவர் தாங்குமா என்று கேட்டார். ஓட்டை போடுவதைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, தாராளமாகத் தாங்கும் என்றேன்.

மிஷினோடு கொடுமுடி ஸ்டேஷனில் இறங்கியபோது வெளியே பண்ணைக்காரரோடு இரண்டு மாட்டு வண்டிகளும் ஆறு ஆட்களும் காத்திருந்தார்கள். கரும்பைத் தினமும் ஆலைக்கு ஏற்றுகிறவர் அல்லவா? ஒன்றரை டன் ஒரே வண்டியில் ஏறாது என்பது அவருக்குத் தெரியும். பெட்டியை நாலு பேர் தூக்கி வைத்ததும் இவ்வளவுதானா எடை என்று அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. டன் என்று குளிர்ச்சியின் அளவைத்தான் சொல்கிறோம், எடையை அல்ல என்று அப்போதே நான் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். மதராஸில் கற்றுக்கொண்டு வந்த மிதப்பு. கூட்டத்தைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று தோன்றியது. டன் இப்போது தெரியாது, ஓட ஆரம்பித்தால்தான் தெரியும் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பண்ணைக்காரர் மட்டும் மெதுவாகத் தலையாட்டினார்.

"அப்படீங்களா? அப்பச் செரிங்க."

கறுப்புக் கார்

இரண்டாவது மிஷின் ரேஸ் கோர்ஸ் பக்கத்தில் ஒரு மில் முதலாளி வீட்டுக்குப் போனது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் தூங்குவார், அதற்காக. மாட்டிய மூன்றாம் நாள் அவருடைய கறுப்புக் கார் கடை வாசலில் வந்து நின்றது. டிரைவர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் கடை முதலாளி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். காரில் ஏறினேன். போய்ப் பார்த்தால் மிஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மறு வாரமும் கார் வந்தது. மறுபடியும் மிஷினில் ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் முறை போனபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவரிடமே கேட்டுவிட்டேன். சொல்லக் கூச்சப்பட்டார். அறை குளிர்ந்ததும் மிஷின் தானாக நிற்கும், சூடு ஏறினால் தானாக ஓடும். நாங்கள் பெருமையாகச் சொல்லி விற்றதே அதைத்தான். அவரோ முப்பது வருஷமாக மில் சத்தத்தில் வாழ்ந்தவர். சத்தம் நின்றால் ஏதோ விபரீதம் என்று திடுக்கிட்டு எழுந்துவிடுவார்.

"நின்னா முழிப்பு வந்துருதுங்க தம்பி. தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் நிக்காம ஓடறாப்பல பண்ணிக் குடுங்க, குளுரு கம்மியானாலும் பரவால்லை."

சாத்தாத கதவு

மூன்றாவது மிஷின் ஒரு வக்கீல் வீட்டு முன்னறையில். அது நிற்காமல் ஓடியது, ஆனால் அறை குளிரவில்லை. போய்ப் பார்த்தால் தெருக்கதவு, உள்கதவு இரண்டும் மல்லாக்கத் திறந்து கிடந்தன. கதவைச் சாத்தினால்தான் குளிரும் என்று வக்கீலிடம் சொன்னேன். ஒத்துக்கொண்டார். சாத்தினேன். நான் தெருமுனை திரும்புவதற்குள் திறந்துவிட்டார்கள். இப்படியே நாலு நடை நடந்தேன். ஐந்தாவது நடையில் அவர் சம்சாரம் மோர் கொடுத்துவிட்டு, மிகவும் சங்கடத்தோடு விஷயத்தைச் சொன்னார்.

"உங்களைக் குத்தம் சொல்லலீங்க. கதவைச் சாத்திப்போட்டு உள்ள உக்காந்தா, ஊடு தேடி வாரவங்க நம்மளைப் பத்தி என்னங்க நெனைப்பாங்க?"

அவசரம் ஒன்றும் இல்லை

வக்கீல் வீட்டுக்கு, வருகிறவர்களுக்கு உள்ளே தெரியும்படி கண்ணாடிக் கதவு போட்டாயிற்று, மில்காரர் வீட்டு மிஷின் நிற்காமல் ஓடுகிறது என்று ஒருவாறு மூச்சு விட்ட சமயத்தில் கொடுமுடியிலிருந்து ஒரு கார்டு வந்தது. 'மிஷின் நன்றாக இருக்கிறது. எல்லோருக்கும் பரம திருப்தி. தங்கள் மெக்கானிக் தம்பி இந்தப் பக்கம் வந்தால் ஒரு எட்டு வந்துவிட்டுப் போகச் சொல்லவும். அவசரம் ஒன்றும் இல்லை.'

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கார்டைக் கடையின் கண்ணாடி அலமாரியில் மாட்டப் போனார். எனக்கோ அது நல்ல செய்தியாகத் தெரியவில்லை. நான் பிறந்து வளர்ந்தது இந்தச் சீமையில். எங்கள் ஆட்கள் நன்றாக இருக்கும் பொருளைப் பற்றிக் கார்டு எழுத மாட்டார்கள். அவசரம் இல்லை என்று எழுதினால், கார்டு கிடைத்ததும் அடுத்த ரயிலிலேயே கிளம்பு என்று அர்த்தம். ஓடிப்போய்ப் பையை எடுத்தேன். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை.

"திருப்தின்னு எழுதியிருக்காரேப்பா, நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி ஓடறே?"

முதலில் இலை

ஈரோட்டில் வண்டி மாறிக் கொடுமுடி போய்ச் சேரும்போது நல்ல உச்சி வெயில். வீட்டு ஆட்கள் வெளியே வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. குளிர்ந்த அறையை விட்டுவிட்டு மரத்தடிக்கு யார் வருவார்கள்? மிஷினைப் பார்க்கிறேன் என்றேன். கேட்டால்தானே? கை கழுவத் தண்ணீர் கொடுத்து இலை போட்டுவிட்டார்கள். வந்தவன் சாப்பிடாமல் வேலையைத் தொடக்கூடாதாம். பருப்பும் நெய்யும் ஊற்றினார்கள். எனக்கோ பட்டறைக்காரர் காயில் கம்பியை என் கையில் திரும்பக் கொடுப்பதுதான் கண் முன்னால் நின்றது.

பரிமாறிக்கொண்டிருந்த வீட்டம்மாவிடம், மிஷின் ஓடுகிறதா இல்லையா, அதையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அரை மணி ஓடும், நின்றுவிடும், அப்புறம் கூப்பிட்டாலும் வராது என்று மெதுவாகச் சொன்னார். மாப்பிள்ளை வந்து நாலு நாளாகிறது. மாமனார் ஆசையாக வாங்கியதாயிற்றே என்று அவர் மட்டும் அந்த அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார். நாளைக்கே கிளம்புகிறார்களாம். அந்த அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு என் பயம் போய், அவருக்காக மனசு வலித்தது.

"வேர்த்து ஊத்துதுங்க தம்பி அவருக்கு. கேட்டா, குளுரு சொகமா இருக்குதுங்க அத்தைன்னு சொல்றாருங்க. ஆபீசுல ஏதோ அவசரம்னு நாளைக்குப் பொறப்படறாங்களாமா."

வெள்ளையடித்த சுவர்

இலையை எடுத்ததும் அறைக்குப் போனேன். மிஷினின் முன்பக்கம் ஒரு பழுதும் இல்லை. வீட்டைச் சுற்றி ஜன்னலின் வெளிப்பக்கம் போய்ப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நான் இரும்புச் சட்டத்தில் மாட்டிவிட்டுப் போன மிஷினுக்கு அடியில் தரையிலிருந்து கல் மேடை எழும்பியிருந்தது. அதோடு விட்டார்களா? இரண்டு பக்கமும் உச்சி வரை செங்கல் சுவர் வைத்து, பூசி, வெள்ளையும் அடித்திருந்தார்கள். மிஷின் மூச்சு வாங்கும் சல்லடைகள் அந்த இரண்டு பக்கத்திலும்தான் இருக்கின்றன. மூக்கைப் பொத்தினால் யார் உழைப்பார்கள்? சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது நின்றுவிடுகிறது.

பண்ணைக்காரரிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது, கோபம் துளிகூட இல்லை. நான் போன மறுநாள் மிஷின் ஓட ஆரம்பித்ததும் ஜன்னல் சட்டம் அதிர்ந்ததாம். சரி, டன் ஏறுகிறது என்று பயந்து, கொத்தனாரைக் கூப்பிட்டு ராத்திரி பகலாகக் கட்டியிருக்கிறார். ஏன் எனக்கு ஒரு வரி எழுதவில்லை என்றேன்.

"உங்க வேலைய நம்பலையாட்ட ஆயிருமுங்களே தம்பி. ஓட ஆரம்பிச்சாத்தான் டன்னு தெரியும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

வாரேன்

என்னால் நிமிர்ந்து அவரைப் பார்க்க முடியவில்லை. ஸ்டேஷனில் நாலு பேரைச் சிரிக்கவைக்க ஆசைப்பட்டதற்கு, ஒரு குடும்பத்தின் மூன்று வருஷக் காத்திருப்பை விலையாக வைத்திருக்கிறேன். டன் என்றால் என்ன என்று அப்போதுதான், முதல் தடவையாக, ஒழுங்காகச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்பது அவர் 'செரிங்க' என்று சொன்ன விதத்திலேயே தெரிந்தது. நான் அந்த இரும்புச் சட்டத்தின் நீட்டிய முனையைப் பிடித்து என் முழு எடையோடும் தொங்கிக் காட்டினேன். சட்டம் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

கொத்தனார் வந்து பக்கச் சுவர்களை இடித்ததும் மிஷினைப் போட்டோம். அரை மணி ஓடியது, ஒரு மணி ஓடியது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் மிஷினைப் பார்ப்பதுமாக இருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து, மாப்பிள்ளை போர்வை கேட்டார். வீட்டம்மா சென்னிமலைப் போர்வை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. மறுநாள் பயணம் நின்றது. பம்பாய் ஆபீசின் அவசரமும் எப்படியோ தீர்ந்துபோயிற்று. கோடை முடிகிற வரை மூன்று மிஷின்களில் ஒன்றும் திரும்பி வரவில்லை. நானும் பட்டறைக்குத் திரும்பவில்லை.

மாப்பிள்ளை போர்வை கேட்ட அன்று சாயங்காலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கள் பக்கத்து வழக்கப்படி, "அப்ப வாரேனுங்க" என்றேன். புறப்படும்போது போகிறேன் என்று சொல்வது எங்கள் ஊரில் அபசகுனம். ஆனால் வீட்டம்மாவின் முகம் சட்டென்று மாறியது. வாசல்படி வரை பின்னாலேயே வந்தார். சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கை கூப்பிக்கொண்டு சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க கண்ணு. எப்ப வேணாலும் சாப்பிட வாங்க, ஆனா மிஷினுக்கு மட்டும், போறேன்னு சொல்லிப்போட்டுப் போங்க."

அன்று தொடங்கி, எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் மனிதர்களைப் பார்த்து 'வாரேன்' என்றும், சுவரில் இருக்கும் மிஷினைப் பார்த்து 'போறேன்' என்றும் இரண்டு தடவை விடை சொல்லிக்கொண்டு படியிறங்கியவன் கொங்கு நாட்டிலேயே நான் ஒருவன்தான்.