அக்காவின் நிறம்

பழுப்புக் கடதாசியைப் பிரித்ததும் எழுந்தது எண்ணெய் வாசனைதான். மாட்டுவண்டிச் சில்லுக்கு நிறமாய் அடிக்கும் "தீந்தை"யின் அதே காரமான வாசனை. எங்கள் புத்தூர் வீட்டில் ஐயாவும் அம்மாவும் குஞ்சியப்புவும் நானும் அந்தப் பொதியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். உள்ளே இருந்தது செத்துப்போன அக்காவின் படம்.

அக்கா "நெருப்புக் காய்ச்சலில்" மூன்று கிழமை கிடந்து, பத்தொன்பது வயதில் போனாள். அவளுக்கு இருந்தது ஒரேயொரு படம். மிஷன் பள்ளிக்கூடத்தில் தையலுக்குப் பரிசு வாங்கிய அன்று வெள்ளைக்கார ரீச்சர் ஒருவர் எடுத்துக் கொடுத்த, உள்ளங்கை அளவான கறுப்பு வெள்ளைப் படம். அம்மா அதை ஓலைப்பெட்டிக்குள் வைத்து நாளுக்குப் பத்துத்தரம் எடுத்துப் பார்ப்பாள். "முகம் மறந்து போகுதடா தம்பி, படுத்துக் கண்ணை மூடினால் வருகுதில்லை" என்று என்னிடம் சொல்லுவாள். வருடம் முடிந்து வரும் ஆட்டைத் திவசத்துக்கு முன்னர் படத்தை நிறத்தோடு சட்டம் போட்டுச் சுவரில் வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே எண்ணம்.

ஐயாவின் தம்பியான குஞ்சியப்பு கொழும்பில் ஒரு சுருட்டுக்கடையில் நின்றவர். அவர்தான் அங்கே படங்களுக்கு நிறம் போட்டுக் கொடுக்கும் ஒரு கடையின் படிவத்தைக் கொண்டுவந்தார். படிவம் முழுவதும் ஆங்கிலம். அந்த வீட்டில் ஆங்கிலம் படித்தவன் நான் ஒருவன்தான், அதுவும் ஐந்தாம் வகுப்பு மட்டும்.

"எங்கை, துரை வாசிக்கட்டும் பாப்பம்" என்று குஞ்சியப்பு கேலியாகப் படிவத்தை என் மடியில் போட்டார்.

படத்தை என்ன செய்யவேண்டும் என்ற இடத்தில் "ரின்ற்" என்றும் "பெயின்ற்" என்றும் இரண்டு சொற்கள் அச்சாகியிருந்தன. வேண்டாததை வெட்டிவிட வேண்டும். பெயின்ற் எனக்குத் தெரியும். மற்றச் சொல்லை எங்கோ ஒருமுறை கண்டது போலிருந்தது, அவ்வளவுதான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"துரைக்குச் சொல் தட்டுது போலை" என்றார் குஞ்சியப்பு.

"ரெண்டும் நிறம் பூசுறதுதான். ரின்ற் எண்டால் கொஞ்சமாப் பூசுறது" என்று ஒரு போடு போட்டேன்.

"கொஞ்சமாப் பூசினால் ஒரு மாரிக்குள்ளை போயிடும்" என்றார் ஐயா. "எங்கடை வண்டிச் சில்லைப் பார். வடிவாத் தடிப்பாய் அடிச்சது, நாலு மாரிக்கும் நிண்டு பிடிக்குதெல்லோ. பெயின்றையே போடு."

ரின்ற் என்ற சொல்லை வெட்டினேன்.

அடுத்த கேள்வி உடல் நிறம். அக்கா நல்ல கறுப்பு. நான் பென்சிலை வைக்குமுன் அம்மா என் கையைப் பிடித்தாள். "கறுப்பெண்டு எழுதிப்போடாதை. கறுப்பெண்டு சொல்லித்தானே ரெண்டு சம்பந்தம் படலையோடை திரும்பிப் போனது. படத்திலையாவது பிள்ளை வெள்ளையாய் இருக்கட்டும்." வெள்ளை என்று எழுதினேன். அதன்பின் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஐயா, அவள் கழுத்து ஒருநாளும் காணாத அட்டியலைப் போடச் சொன்னார். குஞ்சியப்பு காதுக்குச் சிவப்புக் கல்லுத் தோடு சொன்னார். அம்மா சேலையை அரக்கு நிறமாக்கச் சொன்னாள். எல்லாவற்றையும் எழுதி, அந்த ஒரேயொரு படத்தையும் உள்ளே வைத்து, நானே உறையை ஒட்டினேன்.

இப்போது அதுதான் திரும்பி வந்திருந்தது. படத்தில் உருண்டைக் கன்னமும் சிவந்த உதடுமாக ஒரு வெள்ளைப் பெண்பிள்ளை அட்டியலோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழும்புக்காரன் வஞ்சகமில்லாமல் தடிப்பாகவே அடித்திருந்தான்.

"ஆரிது?" என்றாள் அம்மா.

"வடிவாய்த்தானே இருக்கு மச்சாள்" என்றார் குஞ்சியப்பு.

"வடிவுதான். உது என்ரை பிள்ளையில்லை."

ஐயா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். அன்று பின்னேரம் நான் படத்தைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, முகத்தில் கைவைக்கப் பயந்து, சேலைக்கரையில் தேய்த்தேன். நிறம் வந்தது. அதோடு கீழே இருந்த தாளும் உரிந்து வந்தது. அக்கா அடியில் எங்குமில்லை. பின்னால் வந்து நின்ற அம்மா அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. "விடடா. இருக்கிறதையும் கெடுக்காதை" என்று படத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

திவசத்துக்கு அதுவே சுவரில் ஏறியது. அடுத்த வருடமே நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், பிறகு ஊரையும் விட்டேன். கொழும்பில் மூட்டை தூக்கினேன், மலாயாவில் றப்பர் மரங்களுக்கு நடுவே கிடந்தேன், ஈப்போவில் ஒரு படக்கடையில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தேன். அங்கே ஒரு சீனக் கிழவர் பஞ்சைச் சாயத்தண்ணீரில் தொட்டு, ஒரு குழந்தையின் படத்தில் மெல்ல ஒற்றிக்கொண்டிருந்தார். கன்னம் சிவந்தது, ஆனால் குழந்தையின் முகத்தில் ஒரு மயிரிழைகூட மறையவில்லை. இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். "ரின்ற்" என்றார். நான் குனிந்து, கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டினேன்.

பல வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது, அயல்வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த பெண் ஒருத்தி படத்தைப் பார்த்து, "உங்கடை மகள் நல்ல வெள்ளையெல்லோ" என்றாள்.

"ஓம் பிள்ளை, சின்னனிலையிருந்தே அப்பிடித்தான்" என்றாள் அம்மா. பொய் சொல்லும் முகம் அல்ல அது.

இன்று அம்மா இல்லை, ஐயா இல்லை. வீடு கைமாறிவிட்டது, படம் எந்தக் குப்பையோடு போனதோ தெரியாது. இப்போது எடுக்கும் படங்கள் நிறத்தோடேயே வருவதால், அப்படிப் படிவம் நிரப்பும் வேலையும் எவருக்கும் இல்லை. அக்கா கறுப்பு என்று சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம். அவளை நினைத்தால் அந்த அட்டியல் போட்ட பெண்தான் வந்து நிற்கிறாள். அவளை விலக்கி விலக்கிப் பார்த்தால் வருவது ஒன்றே ஒன்று: முழுகிய என் தலையைத் துவாயால் மூடி, அழுத்தித் துவட்டுகிற இரண்டு கறுத்த கைகள். துவாய்க்குள்ளிருந்து பார்க்கிறேன், முழங்கைக்கு மேலே தெரியவில்லை.