கூரையின் அடிப்பக்கம்

கடலூரில் கட்டட வரைபடம் போடும் ஆபீஸில் சேர்ந்ததும் எனக்குக் கொடுத்த முதல் வேலை, ஒரு வீட்டுக் கூரையின் அடிப்பக்கத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து மூடுவது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கட்டும் வீடு. ஓடு போட்ட சாய்கூரை, சுவரைத் தாண்டி இரண்டரை அடி வெளியே நீளும். அந்த நீட்டலுக்குக் கீழே ஒட்டுகிற பலகைப் பரப்புக்கு சாஃபிட் என்று பெயர். சாஃப்ட்வேரில் கூரையை வரைந்தால் அது தானாக வராது. அடியில் திறந்தே கிடக்கும். நாங்கள் எல்லோரும் மாடலை மேலேயிருந்தே சுழற்றிப் பார்ப்பதால் அது கண்ணில் படுவதும் இல்லை. வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத்தான் முதலில் தெரியும்.

அளவெடுத்துக் கோடு போட்டும் அதை வரையலாம், சீக்கிரம் முடியும். நான் அப்படிச் செய்யவில்லை. கூரையின் விளிம்பையும் சுவரின் முகத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, அவற்றோடு சாஃபிட்டைக் கட்டிவைத்தேன். கூரை நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். இரண்டு பக்கமும் சேரும் மூலையில் மட்டும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்துகொண்டே இருந்தது. அதை மூட நான்கு நாள் ஆனது.

பக்கத்து நாற்காலியில் என் தோழி. டிப்ளமோவில் மூன்று வருடமும் ஒரே பெஞ்சு. எனக்கு ஆறு மாதம் முன்பே அங்கே சேர்ந்தவள், ஆபீஸை நடத்தும் சாரிடம் என்னைப் பற்றிச் சொன்னவளும் அவள்தான். சிதம்பரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். மதியம் அவள் டப்பாவில் என் கை, என் டப்பாவில் அவள் கை.

எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் ஐந்தாவதைத் தாண்டியதில்லை. அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறாள். எழுத்தில் அவளுக்கு அடையாளம் தெரிவது என் பெயர் ஒன்றுதான், ஹால் டிக்கெட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. வரைபடத் தாளில் வலது கீழ் மூலையில், வரைந்தவர் யார் என்று எழுத ஒரு கட்டம் இருக்கும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

"அதுல உன் பேரு வருமா?"

"வரும்மா. பிரிண்ட் எடுத்தாந்து காட்டுறேன்."

பிரிண்ட் எடுத்த அன்று நான் லீவு. மறுநாள் பார்த்தால் கட்டத்தில் தோழியின் பெயர்.

"ஏய், என்னா இது?"

"ஷீட்டு செட் பண்ணது நான்தானே. ஏற்கெனவே என் பேரு இருந்திச்சு, அப்படியே வந்துட்டுது. இதப் போயி பெருசு பண்றியே."

நம்பினேன். அடுத்த பிரிண்டில் மாற்றிக்கொள்ளலாம் என்று நானே அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.

அந்த வாரம் பேராசிரியர் வந்தார். சார் மாடலைக் கீழேயிருந்து காட்டினார். மூலை நூல் பிடித்ததுபோல மூடியிருந்தது. யார் செய்தது என்று பேராசிரியர் கேட்டார்.

"நான்தான் சார்," என்றாள் தோழி. "நாலு நாள் ஆச்சு."

அந்த நாலு நாளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள். அரையடி தள்ளி உட்கார்ந்திருந்தேன், அவள் என் பக்கம் திரும்பவில்லை. வேலை வாங்கிக் கொடுத்தவள் என்ற ஒன்றே என் வாயைக் கட்டியது.

"இனிமே சிதம்பரம் வீடு முழுக்க நீயே பாத்துக்கம்மா," என்று சார் அவளிடம் சொன்னார்.

பத்து நாளில் பேராசிரியர் கூரையின் சாய்வைக் குறைக்கச் சொன்னார். தோழி பழைய கூரையை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வரைந்தாள். கட்டியிருந்த விளிம்பு போனதும் சாஃபிட் பழைய உயரத்திலேயே அந்தரத்தில் நின்றது. மேலேயிருந்து பார்த்த அவளுக்குத் தெரியவில்லை. சார் கீழேயிருந்து பார்த்தபோது இடுக்கில் வானம் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் சரிபண்ணச் சொன்னார்.

மதியம் தன் டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

"அந்த மூலைய மட்டும் ஒருவாட்டி பாத்துக் குடேன்டி. சாருக்குத் தெரிய வேணாம்."

"நாலு நாள் செஞ்சவ நீ. உனக்குத் தெரியாதா?"

"குத்திக் காட்டாத. இந்த வேலையே நான் சொல்லித்தான் உனக்குக் கெடச்சிது."

"அதுக்குத்தான் அன்னிக்கு வாய மூடிக்கினு இருந்தேன்."

டப்பாவை மூடிவிட்டு எழுந்து சாரிடம் போனேன். "சார், மூலைய நான் போடுறேன். நீங்க பக்கத்துல ஒக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார். விளிம்பு, சுவர், விளிம்பு. முக்கால் மணி நேரத்தில் மூலை மூடியது. சாய்வை ஏற்றி இறக்கிக் காட்டினேன். சாஃபிட் கூடவே வந்தது. சார் என்னைப் பார்த்தார், பிறகு அவளை.

"அப்போ மொதல்ல செஞ்சது யாரு?"

"ரெண்டு பேரும் சேந்துதான் சார் செஞ்சோம்," என்றாள். குரல்கூடப் பிசகவில்லை.

சார் சிரித்தார். "நல்லதாப் போச்சு. எனக்கு வேல முடிஞ்சா சரி."

மறுநாள் புதுத் தாள்களில் வரைந்தவர் கட்டமே இல்லை. ஆபீஸ் பெயர் மட்டும் இருந்தது. "உங்களுக்குள்ள சண்ட எதுக்கு," என்றார் சார். நியாயம் செய்துவிட்டதாகவே அவர் நினைத்தார்.

ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நேராக வலது கீழ் மூலையில் விரலை வைத்தாள்.

"எங்க?"

"எடுத்துட்டாங்கம்மா."

"செஞ்சது நீதான?"

"நான்தான்."

"அப்ப நீயே எழுதிக்க."

அலமாரியிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. என் பெயரை நானே எழுதிக்கொள்ளவா இவ்வளவு படித்தேன்?

இப்போதும் தோழி பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறாள். ஒரே பஸ்ஸில்தான் வருகிறோம், டப்பா மட்டும் அவரவருடையது. அவள் அனுப்பும் எந்த ஃபைலைத் திறந்தாலும் முதலில் கீழேயிருந்துதான் பார்க்கிறேன்.