வெயில் தின்ற நாற்பத்திரண்டு குவிண்டால்

11-5-1979 ரூ. 1,500
2-7-1979 ரூ. 1,000
17-9-1979 ரூ. 1,490
மொத்தம் ரூ. 3,990

நன்னிலம் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்த சாமிதுரை, தாம் எடுக்காத நெல்லுக்குக் கட்டிய பணம் இது.

அவருடைய அப்பா பண்ணையாள். பண்ணைக்கு வரும் நெல்லை அளக்கப் பெரிய மரக்கால், ஆட்களுக்குக் கூலி அளக்கச் சிறிய மரக்கால். அதைக் கேட்டதற்கு அடி வாங்கியவர். அந்த வீட்டுப் பிள்ளை அரசாங்கத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்க்கத் தெருவே திரண்டு வந்ததாம்.

மூட்டைக்கு எழுபத்தைந்து கிலோ. ஒரு பிடி கூடினாலும் சாமிதுரை அள்ளிக் கொடுத்துவிடுவார்.

"ஒரு கிலோ கூடத்தான் இருக்கட்டுமே தம்பி" என்றார் குத்தகை விவசாயி இளையபெருமாள். "அடுத்த சென்டர்ல துரைராசு மூட்டைக்கு ரெண்டு கிலோ கூடப் புடிக்கிறாரு. நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

"எடுத்துட்டுப் போங்க, அண்ணே."

"அப்ப எலி தின்னுற நெல்லுக்கு எங்கேருந்து போடுவே? ஒன் சம்பளத்துலயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாமிதுரையும் சிரித்தார்.

அந்தச் சம்பாவில் வாங்கிய நாலாயிரம் மூட்டைகள் லாரி வராமல் நாற்பது நாள் திறந்தவெளியில் கிடந்தன. ஈரநெல் காய்ந்தால் எடை குறையும். ஆனால் அந்தக் குறைவுக்கு அன்று விதியில் இடமில்லை. நான் மண்டல அலுவலகக் கணக்குப் பிரிவில் இருந்தேன். எல்லா நிலையங்களின் இருப்புக் கணக்கும் என் மேசைக்கு வந்தது. துரைராசுவும் நாலாயிரம் மூட்டைதான் வாங்கியிருந்தார். கூடுதலாகப் பிடித்தது எண்பது குவிண்டால். அதில் வெயில் தின்றது போக மிச்சத்தை விற்றுவிட்டார். அவர் கணக்கு கிலோ பிசகாமல் நேராக இருந்தது. சாமிதுரையின் நிலையத்தில் மட்டும் நாற்பத்திரண்டு குவிண்டால் குறைவு. காய்ந்ததால் வந்த குறைவு என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். 'விதியில் இல்லை' என்று திரும்பி வந்தது.

குவிண்டால் தொண்ணூற்றைந்து ரூபாய் வீதம் கட்டச் சொல்லி நோட்டீஸ் போயிற்று.

"நாம எடுக்காத நெல்லுக்கு நாம ஏங்க கட்டணும்?" என்று கேட்டார் அவர் மனைவி அம்சம்.

"நம்ம பேர்ல பாக்கி நிக்கக் கூடாது, அம்சம்."

அம்சத்தின் தோடு முதலில் போயிற்று. அடுத்து கறவை மாடு. கடைசித் தவணைக்குக் கடன். கட்டிவிட்டால் பழி தீர்ந்துவிடும் என்று அவர் நம்பினார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி ரசீதுகளைப் பார்த்தார். "எடுக்கலைன்னா எதுக்குய்யா கட்டினீங்க?"

"கணக்கு நேராகணும்னு கட்டினேங்க."

'குற்றத்தை ஒப்புக்கொண்டு தொகையைச் செலுத்தியுள்ளார்' என்று அவர் எழுதினார். 1980 பிப்ரவரியில் வேலை போயிற்று. அதே மாதம் துரைராசுவுக்குப் பதவி உயர்வு.

டீக்கடையில், "பெரிய எலி வருது, சாக்கை இறுக்கிக் கட்டுங்கடா" என்றார்கள். அவரைப் பார்க்கத் திரண்டு வந்த அதே தெருவின் ஆட்கள்தான். இளையபெருமாள் மட்டும் எழுந்து போய்ச் சண்டை போட்டார். சாமிதுரை அதன் பிறகு அந்த வழியே போகவில்லை. நாற்று பறிக்கவும் மூட்டை தூக்கவும் கூலிக்குப் போனார். மனு எழுதுவதை மட்டும் விடவில்லை. 'பணம் வேண்டாம், வேலையும் வேண்டாம். திருடவில்லை என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். சந்தேகமிருந்தால் ஒரு மூட்டை ஈரநெல்லை உங்கள் அலுவலக வாசலில் நாற்பது நாள் போட்டு எடை பாருங்கள்' என்பதுதான் எல்லா மனுவிலும் இருந்தது.

யாரோ ஒருவர் அப்படிப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். 1984 கடைசியில் நெல் காய்ந்து குறையும் எடைக்கு நூறு கிலோவுக்கு ஒன்றரை கிலோ கழித்துக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை வந்தது. சாமிதுரையின் நிலையத்தில் வந்த குறைவு அந்த அளவுக்கும் உள்ளேதான். சுற்றறிக்கையின் நகலை எங்கள் அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் போய்க் கடைசி மனுவோடு இணைத்தார்.

சுற்றறிக்கை பழைய வழக்குகளுக்குப் பொருந்தாது. மேலும் மனுதாரர் குற்றத்தை ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர். பதில் இவ்வளவுதான். சாமிதுரை அறுவடைக்குப் போயிருந்ததால் அம்சம் கையெழுத்துப் போட்டு வாங்கினார். கடிதம் வந்து சேர்ந்த தேதி 29-1-1986.