ஆர்டிஸும் மூன்று பீப்பாய்களும்

ஆர்டிஸுக்கு ஓரிடத்தில் கால் தங்காது. விஸ்கான்சினின் பனிச் சாலைகளில் முப்பத்தோரு ஆண்டு பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்ற பிறகும் விடியுமுன் எழுந்து, கார் கொட்டகையில் பார்லியை ஊறவைத்து பீர் வடித்தாள். யாருக்கும் விற்றதில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

பழைய நண்பன் ராய்ஸுக்காகத்தான் முதல்முறை காசைப் பற்றி நினைத்தாள். காகித ஆலையில் சாரம் சரிந்து முதுகெலும்பு முறிந்தவன் அவன். இரண்டு ஆண்டாகச் சக்கர நாற்காலி. வீட்டு வாசலில் நான்கு படி. நாற்காலி இறங்கச் சாய்தளம் கேட்டால், ‘விசாரணை முடியவில்லை’ என்று ஆலையிலிருந்து கடிதம் வரும். நான்கு படி இறங்க முடியாதவனிடம் இன்னும் எதை விசாரிக்கிறார்கள்?

தீயணைப்பு நிலையத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்து. மூன்று பீப்பாய்களைக் கொண்டுபோய் இறக்கினாள். பீப்பாய்க் குழாயருகே ஊறுகாய் ஜாடி ஒன்றை வைத்து, ‘பீர் இலவசம். ராய்ஸின் சாய்தளத்துக்கு உங்கள் விருப்பம்’ என்று எழுதி ஒட்டினாள். கையில் வாங்காத காசு விற்பனை ஆகாது என்பது வீட்டில் பீர் வடிக்கும் எல்லோருடைய நம்பிக்கை.

நாலரைக்கு மது ஆய்வாளர் டுவேன் வந்தான்.

"மிஸ் ஆர்டிஸ், ஜாடிய எடுத்துடுங்க. நன்கொடைன்னு எழுதினாலும் அது விற்பனைதான். உரிமம் இல்லாம இங்க ஊத்தவும் கூடாது."

"என் பஸ்ல நாலாவது சீட்ல வாந்தி எடுத்தவன் நீதானே? நான் யார்கிட்டயாவது புகார் சொன்னேனா?"

"அதனாலதான் வழக்குப் போடாம கெஞ்சறேன்."

"சாரம் சரிஞ்ச அன்னிக்கு ஆலை வாசல்ல இப்படி ஒருத்தனும் வந்து நிக்கலையே."

"அது என் துறை இல்ல."

ஆர்டிஸ் சமையலறைக்கும் குழாய்க்குமாக மூன்று முறை நடந்தாள். நான்காம் முறை, அடுப்படியில் இருந்த வெர்னா முணுமுணுத்தாள்: "மீனைத் தோய்க்கிற மாவைக் கரைக்க ரெண்டு கேன் பீர்தான் இருக்கு. யாரு கடைக்கு ஓடறது?"

ஆர்டிஸ் திரும்பினாள். "டுவேன், மீனு உன் துறையா?"

"இல்ல. சாப்பாடு சுகாதாரத் துறை." சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான். "அவங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை பாக்க மாட்டாங்க."

ஒரு பீப்பாய் மாவுக்குள் போனது; மற்ற இரண்டும் வண்டிக்குத் திரும்பின. ஜாடி மீன் மேசைக்கு நகர்ந்தது. வரிசை வாசலைத் தாண்டியது. டுவேனும் இரண்டு தட்டு வாங்கினான்.

தீயணைப்பு வீரர்கள் இருவர் ராய்ஸை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள்.

"மீனு இருக்கட்டும், ஒரு கிளாஸ் ஊத்து."

"இங்க ஊத்தினா குத்தமாம். வீட்டுக்கு வா, எவ்வளவு வேணும்னாலும் குடி. அது சட்டப்படி சரிதான்."

"வரேன். உன் வாசல்ல எத்தனை படி?"

மூன்று படி. தினமும் பத்துத் தடவை ஏறி இறங்குபவளின் கண்ணில் ஒருநாளும் படாத மூன்று படி.

வரிசையில் தட்டோடு நின்ற தச்சரை நோக்கி அவள் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"ஒண்ணு இல்லப்பா," என்றாள். "ரெண்டு சாய்தளம்."