வசம்பு போட்ட அரிசி

எங்கள் வீட்டில் விசுவாசம் அப்பாவின் இலாகா, கவலை அம்மாவுடையது. கூரைத் தகரம் ஒழுகினால் அப்பா, "ஆண்டவரு பாத்துக்குவாரு" என்பார். அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறித் தார் பூசுவாள். அடுத்த மழைக்கு ஒழுகாது. "பாத்தியா, நாஞ்சொன்னனில்ல?" என்று அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். இதில் பார்த்துக்கொண்டது யார் என்பது எனக்கு ஒன்பது வயதிலேயே குழப்பமாகத்தான் இருந்தது. ஒருமுறை வாய் சும்மா இராமல் கேட்டும்விட்டேன். அம்மாவிடமிருந்து தலையில் ஒரு குட்டு கிடைத்தது. அப்பாவை எதிர்த்துப் பேசியதற்காம்.

மலையில் லவ்டேலுக்குக் கீழே சரிவில், தேயிலைத் தோட்டக்காரர்கள் வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பாவுக்குத் தேயிலை பாக்டரியில் வேலை, அம்மா இலை பறிக்கப் போவாள். அந்த ஜனவரியில் உறைபனி ஒரே வாரத்தில் செடிகளைக் கருக்கிவிட்டது. பச்சை இலை வரத்து நின்றது. இலை வரும்போது சொல்லி அனுப்புகிறோம் என்று பாக்டரியைப் பூட்டிவிட்டார்கள். ஆக, இருவருக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. அப்பா வழக்கம்போல ஆண்டவரைச் சொன்னார். அம்மா அடுப்படிக்குப் போய் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள்.

அவளுக்கு ஒரு ரகசியம் இருந்தது, அது எனக்கு மட்டும் தெரியும். கட்டிலுக்கு அடியில், பழைய கம்பளிகளுக்குப் பின்னால், ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். அதில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்த புழுங்கல் அரிசி. பூச்சி பிடிக்காமலிருக்க என் கிழிந்துபோன கட்டம்போட்ட பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு துண்டு வெட்டி, அதில் வசம்பை முடிந்து அரிசிக்குள் புதைத்திருந்தாள். வாரம் ஒருமுறை டிரம்மைத் திறந்து, உழக்கால் அளந்து பார்த்து, உதடு அசையக் கணக்குப் போட்டு, மூடி வைப்பாள். "அப்பாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. தெரிஞ்சா வாரவன் போறவனுக்கெல்லாம் அள்ளிக் குடுத்துருவாரு."

இத்தனை கெட்டிக்காரி இன்னொன்றும் செய்வாள். ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி பாட்டிலில் போடுவாள். சபையில் எல்லாப் பெண்களும் செய்வதுதான், பிடியரிசி என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய் ஆலயத்தின் பக்க அறையில் இருக்கும் சாக்கில் கொட்டுவார்கள். வேலை போன பிறகும் அந்தப் பிடி நிற்கவில்லை. ஒரு கையால் ஒளிக்கிறாள், இன்னொரு கையால் கொடுக்கிறாள். இது என்ன கூத்து என்று எனக்குப் பிடிபடவில்லை.

இந்த லட்சணத்தில்தான் ஞாயிறுதோறும் ஆலயத்தில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் மன்னா கதை வந்தது. வனாந்தரத்தில் ஜனங்களுக்கு வானத்திலிருந்து தினமும் ஆகாரம் விழுந்தது, உறைபனிபோல் தரையில் வெள்ளையாகக் கிடந்தது, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்க வேண்டும், ஆசைப்பட்டு மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களுடையது புழுத்து நாறியது என்று டீச்சரக்கா சொன்னார். சொன்னதோடு விட்டாரா? கரும்பலகையில் ஒரு பானையை வரைந்து, அதிலிருந்து நெளிந்து வெளியே வரும் புழுக்களையும் ரசித்து ரசித்து வரைந்தார். எனக்கு உடனே கட்டிலுக்கு அடியில் இருந்த டிரம் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து டிரம்மைத் திறந்தேன். மேலாக ஒன்றுமில்லை. கையை விட்டுக் கிளறினேன். கறுப்பு வண்டுகள் ஏழெட்டு ஊர்ந்தன. அவற்றோடு வெள்ளையாக ஒரு புழு. வசம்பையும் மீறி வந்திருக்கிறதென்றால் அது சாதாரணப் புழுவாக இருக்க முடியாது. ஆண்டவருக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரியாமல் ஒளித்தது அவருக்குத் தெரிந்துவிட்டது!

எதற்கும் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, "ஏம்ப்பா, நாளைக்குன்னு எடுத்து வெச்சா ஆண்டவரு கோவிச்சுக்குவாராப்பா?" என்றேன்.

அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டே, "நாளைய பாட்ட அவரு பாத்துக்குவாரு கண்ணு. நீ போயி வெளையாடு" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அம்மா பக்கத்து வீட்டு அக்காவோடு விறகு பொறுக்கப் போனாள். அப்பா வேலை விசாரிக்கப் போயிருந்தார். நான் பள்ளிக்கூடப் பையிலிருந்த புத்தகங்களைக் கட்டிலில் கொட்டிவிட்டு அரிசியை அள்ளிப் போட்டேன். ஆலயம் மேட்டில் இருந்தது. நாலு நடை. ஒவ்வொரு நடைக்கும் தோள் பிய்ந்துபோயிற்று. ஞாயிறு ஆராதனைக்காகத் தரை கழுவிவிட்டுக் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள், உள்ளே ஒரு ஆள் இல்லை. சாக்கில் கொட்டினேன். கடைசி நடையில் வசம்பு முடிச்சும் அரிசியோடு சேர்ந்து விழுந்துவிட்டது. அதைத் தேடி எடுக்கத் தெம்பில்லை. திரும்பி வரும்போது அத்தனை சந்தோஷமாக இருந்தது. அம்மாவைப் பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றிவிட்டேன் அல்லவா?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா டிரம்மைத் திறந்தாள்.

 டிரம்மைக் கவிழ்த்து, அடியில் தட்டி, மறுபடி நிமிர்த்தி உள்ளே பார்த்தாள். அப்புறம் அப்பாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். "ஏனுங்க, யாருக்குத் தூக்கிக் குடுத்தீங்க?"

"இதென்ன டிரம்மு?" என்றார் அப்பா. அவருக்கு நிஜமாகவே தெரியாது.

"நடிக்காதீங்க. ஒரு வருசமா என்ற வாயக் கட்டி, வயித்தக் கட்டிச் சேத்தது. பாக்டரி தொறக்கற வரைக்கும் இந்தப் புள்ளைக்குக் கஞ்சி ஊத்தோணும்னு வெச்சிருந்தனுங்க. அதையும் தானம் பண்ணிப்போட்டீங்களா?" அம்மா உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.  சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், ஆனால் சுவரோரம் ஒண்டிக்கொண்டேன்.

அப்பா அவளுக்குப் பக்கத்தில் உட்காருவதற்காகத் தரையில் கிடந்த என் பையைத் தூக்கி நகர்த்தினார். பக்கவாட்டு உறையிலிருந்து அரிசி மணிகள் சரசரவென்று கொட்டின. அம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்திருந்ததால் பார்க்கவில்லை. அப்பா மணிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு காலாலேயே அவற்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"சரி, உடு. நாந்தான்" என்றார்.

பொய் சொல்வது பாவம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்த மனிதர், சபையில் பாட்டு நடத்துகிறவர், என் கண்முன்னால் பச்சைப் பொய் சொன்னார். நல்லது செய்த நான் திருடியைப்போல ஒண்டி நிற்கிறேன், செய்யாதவர் செய்தேன் என்கிறார். 

மறுநாள் முதல் அப்பா கேரட் கழுவும் மிஷினுக்கு வேலைக்குப் போனார். வெறும் கையால் தொட முடியாத அளவுக்குக் குளிர்ந்த தண்ணீரில் முழங்கால்வரை நின்று மூட்டை மூட்டையாகக் கழுவ வேண்டும். கை வீங்கி, விரல் இடுக்கெல்லாம் வெடித்துத் திரும்புவார். கூலி கடைப்பாக்கிக்கே சரியாகப் போயிற்று. ஆனால் ஒடிந்த கேரட்டை அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். கேரட் பொரியல், கேரட் குழம்பு, ரேஷன் அரிசிக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கேரட். இன்றைக்கும் கேரட் அல்வாவைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். அம்மா தட்டை அவர் முன்னால் தள்ளுவாளே தவிர ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவர் மட்டும் வெடித்த கைகளைக் குவித்து, கேரட்டுக்காக முழு மனதாய் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார்.

நான் மன்னாவுக்காக ஜெபித்தேன். சேர்த்து வைத்ததை ஒழித்தாகிவிட்டது, இனி அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு. ஒரு காலையில் கதவைத் திறந்தால் புல்வெளி முழுக்க வெள்ளை வெளேரென்று கிடந்தது. டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடி, சுரண்டிச் சுரண்டி நிரப்பினேன். வாயில் போட்டால் நாக்கு மரத்தது. அடுப்படிக்குக் கொண்டுவருவதற்குள் டம்ளரின் அடியில் ஒரு மடக்குத் தண்ணீரும் இரண்டு புல்லும்தான் மிச்சம். "பனியில என்ன பண்ற? காதுக்குத் துணியக் கட்டு" என்றாள் அம்மா. ஆண்டவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மூன்று வாரம் போயிற்று. ஒரு சாயங்காலம் பாஸ்டர் ஐயா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். வழக்கமாகப் பிடியரிசியை ஏலம் விட்டுப் பணத்தைச் சபைச் செலவுக்கு வைத்துக்கொள்வார்கள். இந்தத் தடவை வேலையில்லாத வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்களாம். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா பையை வாங்கிக்கொண்டாள்.

"ஒரு அதிசயம் கேளுங்கம்மா" என்றார் பாஸ்டர் ஐயா. "மூட்டை எப்பவும் பாதிதானுங்க இருக்கும். இந்தத் தடவ ததும்பி வழியுது! யாரு கொட்டுனாங்கன்னே தெரியலீங்க. கர்த்தர் பெருகப் பண்ணிட்டாரு."

நான் சுவரில் இருந்த காலண்டரை மும்முரமாகப் பார்த்தேன்.

அவர் போனதும் அம்மா அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்தாள். பல வீட்டு அரிசி. பச்சரிசி, புழுங்கல், இட்லி அரிசி, ரேஷன் அரிசி என்று நிறம் நிறமாக இருந்தது. ஒரு தட்டுத் தட்டினாள். அரிசிக்குள்ளிருந்து கட்டம்போட்ட ஒரு துணி முடிச்சு உருண்டு வந்து முறத்தின் விளிம்பில் நின்றது. பிரித்துக் கட்டியவர்கள், பூச்சி வராமலிருக்கட்டும் என்று அதை எடுக்காமல் விட்டிருக்க வேண்டும்.

அம்மா முடிச்சை எடுத்து முகர்ந்து பார்த்தாள். மெதுவாக அப்பாவைப் பார்த்தாள். "ஏனுங்க, நெசமாலுமே நீங்களா கோயிலுக்குக் குடுத்தீங்க?"

அப்பா வெடித்த விரல்களைத் தடவிக்கொண்டு, "அட, அதயேன் இப்பக் கேக்கற" என்றார்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். புழு, பானை, மன்னா, நாலு நடை, எல்லாவற்றையும் மூக்கு ஒழுகச் சொன்னேன். அம்மா கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத மாதிரி உடம்பெல்லாம் குலுங்கியது. "பூச்சி வந்தா வெயில்ல காயவெப்பாங்க புள்ள! கோயிலுக்கா கொண்டுட்டுப் போவாங்க?" என்றாள். அப்புறம் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு விரலாகத் தடவினாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவரோடு பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்காமலிருக்க என்னைத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சோற்றைச் சொல்ல வேண்டும். பச்சரிசி குழைந்து களியாகிவிட்டது. இட்லி அரிசி விறைத்துக்கொண்டு பல்லில் கடிபட்டது. ஆண்டவர் அனுப்பிய ஆகாரம் பாதி வேகாமல் இருந்தது. எங்கள் அரிசியே எங்களுக்குத் திரும்பி வந்ததை அவர் அனுப்பியது என்று சொல்லலாமா என்பதும் தெரியவில்லை. மூவரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.

மிச்ச அரிசியை அம்மா டிரம்மில் கொட்டினாள். கட்டிலுக்கு அடியில் தள்ளவில்லை, அடுப்புக்குப் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்தாள். பிடியரிசி பாட்டிலிலும் ஒரு பிடி போட்டாள். வசம்பு முடிச்சை என் கையில் கொடுத்து, "பக்கத்து ஊட்டுக் கொழந்தைக்கு வயிறு உப்பிக்கிச்சாம். சுட்டு ஒரசிப் போடச் சொல்லிக் குடுத்துட்டு வா" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. "அப்பறம் அரிசிக்கு? பூச்சி வந்துருமேம்மா!"

"பூச்சி வாரதுக்குள்ள நாம தின்னு தீத்துருவோம் கண்ணு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

அதற்கப்புறம் அவள் டிரம்மை உழக்கால் அளந்து நான் பார்க்கவில்லை. அந்த நிமிஷம் நான் வசம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அரிசி தீர்ந்துபோகும் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு, ஒருத்தியால் எப்படி அப்படிச் சிரிக்க முடியும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.